செப்சிஸில் குருதிப் புரதங்கள்: வன்னி வாட்டுகளுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு கைநூல்

ஆய்வுகூடத்திலிருந்து "சிஆர்பி 180" என்று அழைப்பு வருகிறது. சிஆர்பி என்பது உடலில் அழற்சி வந்தால் ஈரல் குருதிக்குள் விடும் புரதம்; 180 என்பது லீற்றருக்கு மில்லிகிராம். அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. காய்ச்சல் தொடங்கி எத்தனை மணித்தியாலம், குருதி எத்தனை மணிக்கு எடுத்தது, அதற்கு முன் என்ன மருந்து ஏறியது, நேற்றைய எண் எவ்வளவு என்ற நான்கும் பக்கத்தில் இருந்தால்தான் 180 எதையாவது சொல்லும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பெருநிலப் பக்க வைத்தியசாலைகளுக்கு முதல் நியமனத்தில் வரும் வைத்தியர்கள், தாதியர்கள், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். சொல்ல வருவது சுருக்கமானது: இந்தப் புரதங்களை மணிக்கூட்டோடு சேர்த்தே வாசிக்க வேண்டும், முதல் எண்ணுக்காக வைத்தியத்தைத் தாமதிக்கக் கூடாது.

புரதம் காட்டுவது கிருமியை அல்ல

தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உறுப்புகளையே கெடுக்கும் நிலைதான் செப்சிஸ். 2016இல் வந்த சர்வதேச வரையறை இதைத்தான் சொல்கிறது. ஆகவே குருதியில் நாம் அளக்கும் புரதங்கள் உடலின் எதிர்வினையைக் காட்டுகின்றன. என்ன கிருமி, எங்கே சீழ் என்பதை அவை காட்டா. அதற்குக் கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஸ்கானும் நோயாளியைத் தலை முதல் கால் வரை பார்ப்பதும்தான் வழி.

சிஆர்பியை 1930இல் நியூமோனியா நோயாளரின் குருதியில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் கண்டார்கள். ஐஎல்-6 என்ற தூதுப் புரதம் ஈரலைத் தூண்ட, ஈரல் இதை உண்டாக்கும். தூண்டல் கிடைத்து ஏறக்குறைய 6 மணித்தியாலத்தின் பின்னரே ஏறத் தொடங்கும்; அதன்பின் சுமார் 8 மணிக்கொரு முறை இரட்டிக்கும்; 36 முதல் 50 மணித்தியாலத்தில் உச்சம் தொடும். அரைவாழ்வு 19 மணித்தியாலம். எவ்வளவு கடுமையான நோயாளியிலும் இந்த அரைவாழ்வு மாறாது. எனவே எண் இறங்காவிட்டால், ஈரல் இன்னும் உற்பத்தி செய்கிறது, தூண்டல் இன்னும் ஓயவில்லை என்று பொருள்.

புரோகால்சிடோனின் 116 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். கால்சிடோனின் ஓமோனின் முன்வடிவம். சாதாரண நாளில் தைரொயிட்டுக்கு வெளியே அனேகமாக வராது. கடும் பக்ரீரியாத் தொற்றில் உடலின் பல திசுக்கள் இதைக் குருதிக்குள் விடும். வைரஸ் தொற்றில் உண்டாகும் இன்டர்பெரோன் காமா இந்த வெளியேற்றத்தை அடக்குவதால், பக்ரீரியாவா வைரஸா என்ற கேள்விக்கு இது சிஆர்பியை விடச் சற்று நன்றாகப் பதில் சொல்லும். 2 முதல் 4 மணித்தியாலத்தில் ஏறும். ஒரு நாளுக்குள் உச்சம். தூண்டல் நின்றால் நாளொன்றுக்கு ஏறக்குறையப் பாதியாகும். செப்சிஸின் குறியாக இது பேசப்பட்டது 1993க்குப் பின்னரே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐஎல்-6 எல்லாவற்றுக்கும் முந்தி ஏறி முந்தி இறங்கும். மாதிரியை உடனே பிரித்துக் குளிராக்காவிட்டால் கெடும். பிரிசெப்சின் விரைவாக ஏறும், ஆனால் சிறுநீரகம் பழுதானவரில் தொற்றில்லாமலே கூடியிருக்கும். அல்புமின் எதிர்த்திசையில் போகும்: கடும் தொற்றில் குருதிக்குழாய்களிலிருந்து கசிந்து சில நாட்களிலேயே விழும். அதைப் பார்த்து "சாப்பாடு காணாது" என்று எழுதிவிடுவது பழைய பிழை. ஃபெரிட்டின் பல ஆயிரங்களில் ஏறிக் குருதிக் கலங்கள் எல்லாம் ஒன்றாக விழுந்தால், குறிப்பாக டெங்குவின் பின் சிறுவரில், வேறொரு நோய்நிலை கிளம்புகிறது என்று மூத்த வைத்தியரை அழையுங்கள். இஎஸ்ஆர் (செங்குருதிக் கலங்கள் படியும் வேகம்) அவசர நோயாளியில் ஒன்றுக்கும் உதவாது. ஏறவும் நாள் எடுக்கும், இறங்கவும் வாரங்கள் எடுக்கும்.

லக்ரேற்று புரதமல்ல. ஆனாலும் இந்த வரிசையில் அதற்குத்தான் முதலிடம், ஏனென்றால் குருதியோட்டம் திசுக்களுக்குப் போதவில்லை என்பதை அது இப்போதே சொல்லும். லீற்றருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் என்றால் கவனம். 4க்கு மேல் என்றால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

ஊசி குத்துமுன்

மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது மேல், மேல்ப் பிரஷர் 100 அல்லது கீழ், புத்தி தடுமாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் ஆபத்து. இரண்டு இல்லையென்றால் ஆபத்தில்லை என்று திருப்பி வாசிக்காதீர்கள். 2021 சர்வதேச வழிகாட்டல் இந்த மூன்றை மட்டும் நம்பிச் சல்லடை போட வேண்டாம் என்கிறது. நாடித்துடிப்பு, வெப்பநிலை, ஒட்சிசன் அளவு, சிறுநீர் அளவு எல்லாம் சேர்ந்த புள்ளி அட்டை உங்கள் வாட்டில் இருந்தால் அதையே நிரப்புங்கள். மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும். பிஎச்ரி (நோயாளியின் கட்டில் குறிப்பேடு) நிறைய "20, 20, 20" என்று இருப்பதைப் பார்த்தால் யாரும் எண்ணவில்லை என்று தெரிந்துவிடும்.

பிறகு கேள்விகள். இங்கே இவைதான் பாதி நோயறிதல்: "எப்ப காய்ச்சல் தொடங்கினது? நடுக்கம் வந்ததோ? வயலுக்க இறங்கினனீங்களோ? குளத்தில குளிச்சனீங்களோ? காலில காயம் ஏதும்? சீனி வருத்தம் இருக்கோ? வேற எங்கையும் ஊசி, குளிசை எடுத்தனீங்களோ?" கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் நம்பிவிடாமல் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தனியார் டிஸ்பென்சரியில் கடதாசிப் பையில் கட்டிக் கொடுத்த குளிசைகளுக்குள் ஸ்ரெரொயிட்டு இருந்தால் சிஆர்பி பொய்யாகக் குறைந்திருக்கும். அன்ரிபயோட்டிக் இருந்தால் கல்ச்சர் வெறுமையாக வரும்.

பதில்களை மணிக்கணக்காக எழுதுங்கள். "3 நாட்காய்ச்சல்" என்பதை விட "ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு நடுக்கம்" என்பது பல மடங்கு பயன்.

குருதி எடுத்தல்

வரிசை முக்கியம். முதலில் கல்ச்சர்ப் போத்தல், பிறகு நீலமூடி, பிறகு சீரம் ரியூப் (சிவப்பு அல்லது மஞ்சள்), பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். வரிசை தவறி ஊதா ரியூபிலுள்ள ஈடிடிஏ (குருதி உறையாமல் தடுக்கும் பொருள்) சீரத்துக்குள் போனால் பொட்டாசியம் பொய்யாகக் கூடும், கல்சியம் பொய்யாகக் குறையும். செப்சிஸ் நோயாளியில் அந்தப் பொய்க்கு யாராவது வைத்தியம் செய்தால் உயிராபத்து.

கல்ச்சருக்கு 70 வீத அற்ககோலில் கலந்த 2 வீதக் குளோரெக்சிடினால் தோலை 30 செக்கன் தேய்த்து, தானாகக் காயவிடுங்கள். ஊதிக் காய வைப்பது, காய்ந்த பின் விரலால் நாளத்தைத் தடவிப் பார்ப்பது இரண்டும் தோல்க் கிருமியைப் போத்தலுக்குள் அனுப்பும் வழிகள். போத்தலின் இறப்பர் மூடியையும் அற்ககோலால் துடைக்க வேண்டும். வளர்ந்தவருக்கு ஒரு போத்தலில் 8 முதல் 10 மில்லிலீற்றர். இயலுமானால் இரண்டு கைகளிலிருந்து இரண்டு தொகுதி. 3 மில்லிலீற்றர் விட்டுவிட்டு "வளர்ச்சி இல்லை" என்ற முடிவை நம்புவது நம்மை நாமே ஏமாற்றுவது. இந்தப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். இரவு ஆய்வுகூடம் பூட்டியிருந்தாலும் அறை வெப்பநிலையில்தான் இருக்க வேண்டும்.

சிஆர்பி, புரோகால்சிடோனின், கிரியாற்றினின், பிலிருபின், அல்புமின் எல்லாவற்றுக்கும் 4 முதல் 5 மில்லிலீற்றர் சீரம் ரியூப் ஒன்று போதும். ஊதா ரியூபைக் கோடு வரை நிரப்பி, மெதுவாக 8 முறை தலைகீழாக்குங்கள். குலுக்கினால் கலங்கள் உடையும். லக்ரேற்றுக்குச் சாம்பல் ரியூப். கட்டுப்பட்டி நெடுநேரம் கட்டியிருந்தாலோ நோயாளி கையைப் பொத்திப் பொத்தித் திறந்தாலோ எண் பொய்யாக ஏறும். ஐசில் வைத்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கவும்.

சேலைன் ஏறும் கையில் எடுக்காதீர்கள். சிஆர்பி 120 இருந்தவருக்கு இரண்டு மணித்தியாலத்தில் 60 என்று வந்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அரைவாழ்வு 19 மணித்தியாலம் உள்ள புரதம் அப்படி விழவே முடியாது. மாதிரியில் சேலைன் கலந்திருக்கிறது, அல்லது ஆள் மாறியிருக்கிறது. இப்படிப்பட்ட முடிவு வந்தால் சோடியம், குளோரைட்டு, ஈமோகுளோபின் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், கலப்படம் தெரிந்துவிடும்.

லேபிளில் பெயர், கட்டில் இலக்கம் ஆகியவற்றோடு எடுத்த நேரம் கட்டாயம். விண்ணப்பப் படிவத்தில் மூன்றே வார்த்தையாவது எழுதுங்கள்: "வயல், சீனி, காய்ச்சல்." ஏன் என்று கீழே வரும்.

இவ்வளவும் 15 நிமிட வேலை. முடிந்ததும் அன்ரிபயோட்டிக். பிரஷர் விழுந்தவருக்கும், செப்சிஸ் என்று பெரும்பாலும் உறுதியானவருக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள். பிரஷர் விழாமல், செப்சிஸ் என்று சந்தேகம் மட்டும் உள்ளவருக்கு விசாரித்து 3 மணித்தியாலத்துக்குள். எண் வரும் வரை காத்திருப்பதற்கு இதில் இடமே இல்லை. திரவம் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் என்பதை மனப்பாடமாகக் கொண்டு வருவோருக்கு ஓர் எச்சரிக்கை: மழைக்காலத்தில் டெங்குவும் இதே வாசலால்தான் வரும். பிளேற்லெற், ஈமற்றோகிரிற் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் கசியும் டெங்கு நோயாளியின் நெஞ்சு நிரம்பிவிடும்.

ஆய்வுகூட மேசையில்

சீரம் ரியூபை 30 நிமிடம் நிமிர்த்தி வைத்து உறையவிட்டு, நிமிடத்துக்கு 3000 சுற்று அளவில் 10 நிமிடம் சுழற்றுங்கள். அவசரத்தில் உறையுமுன் சுழற்றினால் நார் மிதந்து கருவியின் ஊசியை அடைக்கும். பிரித்த சீரத்தில் சிஆர்பி 2 முதல் 8 பாகையில் சில நாட்கள் தாங்கும். புரோகால்சிடோனினை அன்றே செய்யுங்கள். வேறிடம் அனுப்புவதானால் பிரித்து உறைகுளிரில் வையுங்கள்.

சிஆர்பி பார்க்கச் சிறிய வைத்தியசாலைகளில் இன்னும் லேற்றெக்ஸ் கண்ணாடி முறைதான் கைகொடுக்கும்: சீரத்தில் சிஆர்பி கூட இருந்தால் லேற்றெக்ஸ் துகள்கள் கண்ணாடியில் திரளும். கிற்றைக் குளிரிலிருந்து எடுத்து அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். போத்தலை மெதுவாகக் கலக்குங்கள். வட்டத்துக்குள் ஒரு துளி சீரம், பக்கத்தில் ஒரு துளி லேற்றெக்ஸ், குச்சியால் வட்டம் முழுதும் பரப்பி 2 நிமிடம் ஆட்டி, வெளிச்சத்தில் உடனே பாருங்கள். 2 நிமிடம் தாண்டினால் காயும் விளிம்பு திரண்டதுபோலத் தெரியும். மின்விசிறிக்கு நேர் கீழே செய்தால் இன்னும் வேகமாகக் காயும். திரண்டால் பெரும்பாலான கிற்களில் லீற்றருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல். அளவு வேண்டுமென்றால் சேலைனில் 1:2, 1:4, 1:8, 1:16 என்று நீர்த்து, திரளும் கடைசி நீர்ப்பை 6ஆல் பெருக்குங்கள். 1:16 என்றால் 96. இது படிக்கட்டு எண், 48க்கும் 96க்கும் நடுவில் ஒன்றுமில்லை. அதனால் நேற்று 96, இன்று 48 என்பது உண்மையான இறக்கமாகவும் இருக்கலாம், பார்த்தவரின் கண் மாறியதாகவும் இருக்கலாம்.

மிகக் கூடிய சிஆர்பியில் நீர்க்காத சீரம் திரளாமலே போகலாம். நோயாளி மூச்சுவாங்கிக் கிடக்க, கண்ணாடி "எதிர்மறை" என்றால் 1:10 நீர்த்துத் திரும்பச் செய்யுங்கள். மறுபக்கம், வாதக் காரணி கூடிய மூட்டுவாத நோயாளரில் லேற்றெக்ஸ் பொய்யாகத் திரளும்.

மின்வெட்டு வந்து போனால் கிற் இருந்த பெட்டியின் வெப்பமானியைப் பாருங்கள். லேற்றெக்ஸ் ஒருமுறை உறைந்தால் மணல் மணலாகும், எல்லாச் சீரத்திலும் திரளும். ஒவ்வொரு நாளும் நேர், எதிர்க் கட்டுப்பாட்டுத் துளிகளைப் போடுவது இதைப் பிடிக்கத்தான். கட்டுப்பாடு பிழைத்தால் அன்றைய முடிவுகளை வாட்டுக்கு அனுப்பக் கூடாது, யார் கத்தினாலும்.

கருவியில் செய்வோர் இரண்டு இடத்தில் கவனிக்க வேண்டும். ஒன்று அலகு. லீற்றருக்கு 90 மில்லிகிராமும் டெசிலீற்றருக்கு 9 மில்லிகிராமும் ஒன்றே. தனியார் ஆய்வுகூடத் தாளில் "9" என்று கண்டு சாதாரணம் என்று வீட்டுக்கு அனுப்பப்படுவோர் எங்கும் உண்டு. இரண்டாவது மேல் எல்லை. "200க்கு மேல்" என்று தொடர்ந்து மூன்று நாள் வந்தால் 380இலிருந்து 210க்கு இறங்கியதை யாரும் அறியமாட்டார்கள். நீர்த்துச் செய்து உண்மை எண்ணைக் கொடுங்கள்.

புரோகால்சிடோனினுக்கு விரைவுப் பட்டிகளும் உண்டு. அரை நனோகிராமுக்குக் கீழ், அரை முதல் 2, 2 முதல் 10, 10க்கு மேல் என்று நிறத்தால் சொல்லும் வகை பரவலானது. கிற்றில் குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் வாசிக்காதீர்கள். முதல் நாள் பார்வைக்கு இது போதும். தொடர்ந்து பார்க்க உதவாது: 9இலிருந்து 2.5க்கு விழுந்தாலும் பட்டி அதே நிறத்தையே காட்டும்.

முடி வளரவென்று பயோற்றின் குளிசையைக் கூடுதலான அளவில் எடுப்போரில், பயோற்றினைப் பயன்படுத்தும் கருவிகள் பிழை காட்டலாம். கேட்டுவிட்டு, அவசரமில்லையென்றால் கடைசிக் குளிசைக்கு 8 மணித்தியாலம் கழித்து எடுங்கள்.

முதல் எண்ணை வாசித்தல்

சிஆர்பி லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழ் சாதாரணம். 100க்கு மேல் என்றால் பக்ரீரியாத் தொற்று வலுவான சந்தேகம். இடையில் கிடப்பவை எதையும் சொல்லலாம். புரோகால்சிடோனின் மில்லிலீற்றருக்கு 0.25 நனோகிராமுக்குக் கீழ் என்றால் பக்ரீரியா செப்சிஸுக்கு வாய்ப்புக் குறைவு, 0.5 முதல் 2 வரை சாம்பல் நிலம். 2க்கு மேல் செப்சிஸ் பெரும்பாலும். 10க்கு மேல் பெரும்பாலும் உறுப்புகள் பழுதாகும் கடுமை.

நடுக்கம் தொடங்கி 3 மணித்தியாலத்தில் வந்தவருக்குச் சிஆர்பி 8 என்று வந்தால் அது நல்ல செய்தி அல்ல. ஈரலுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். 6 முதல் 12 மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுங்கள், அன்ரிபயோட்டிக்கை நிறுத்தாதீர்கள். தொடங்குவதா வேண்டாமா என்பதைப் புரோகால்சிடோனினைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம் என்றே 2021 வழிகாட்டல் சொல்கிறது. நிறுத்துவதற்குத்தான் அது உதவும்.

எண்ணோடு உறுப்புகளையும் பாருங்கள். பிளேற்லெற் 100 ஆயிரத்துக்குக் கீழ், கிரியாற்றினின் டெசிலீற்றருக்கு 2 மில்லிகிராம் அல்லது மேல், பிலிருபின் 2 அல்லது மேல்: இவை ஒவ்வொன்றும் உறுப்புப் புள்ளி அட்டையில் குறைந்தது 2 புள்ளி, தொற்றுச் சந்தேகத்தோடு சேர்ந்தால் செப்சிஸ். சிஆர்பி அந்த அட்டையில் இல்லவே இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே ஏமாற்றும் நோயாளர்கள் சில வகை. புடையன் கடித்துக் கால் வீங்கியவருக்குத் தொற்று இல்லாமலே சிஆர்பியும் வெள்ளணுவும் ஏறும். திசு நைவதே காரணம். வயிறு திறந்து சத்திரசிகிச்சை செய்தவருக்கு இரண்டாம் மூன்றாம் நாள் சிஆர்பி உச்சத்தில் இருப்பது இயல்பு. நான்காம் நாளும் ஏறிக்கொண்டிருந்தால் வயிற்றுக்குள் ஏதோ கசிகிறது. பெரிய விபத்து, தீக்காயம், வெப்பத் தாக்கு, இதயம் பலமிழந்த அதிர்ச்சி ஆகியவற்றில் புரோகால்சிடோனினும் ஏறும். வவுனியாப் பக்கம் நாட்பட்ட சிறுநீரக நோயாளர் பலர். அவர்களில் நல்ல நாளிலேயே 0.5ஐ அண்டிய எண் இருக்கக் கூடும், இறங்குவதும் மெதுவாக இருக்கும். ஈரல் கடினமானவரில் சிஆர்பி ஏற வேண்டிய அளவு ஏறாது. பிறந்த குழந்தையில் முதல் இரண்டு மூன்று நாள் புரோகால்சிடோனின் இயல்பாகவே உயர்ந்து தாழும். அங்கே ஒருநாள் இடைவெளியில் எடுத்த இரண்டு சிஆர்பியும் தாழ்வாக இருப்பதுதான் ஆறுதல் தரும், பிறந்தவுடன் எடுத்த ஒன்று அல்ல.

டெங்குவில் சிஆர்பி பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும். 5ஆம் நாள் டெங்கு நோயாளியில் அது 150 என்றால் பக்ரீரியாவும் கூட வந்துவிட்டதா என்று தேடுங்கள். எலிக்காய்ச்சல் அப்படியல்ல, சிஆர்பி நன்றாகவே ஏறும், புரோகால்சிடோனினும் ஏறும்.

இரண்டாம் எண், மூன்றாம் எண்

மருந்து சரியாக இருந்தும் இரண்டாம் நாள் சிஆர்பி முதல் நாளை விடக் கூடுவது வழமை. உச்சம் 36 முதல் 50 மணித்தியாலத்தில் என்பதை நினைவில் வையுங்கள். மூச்சு இறங்கி, பிரஷர் நின்று, சிறுநீர் போகும் நோயாளியில் சிஆர்பி 140இலிருந்து 210 ஆனதற்காக மருந்தை மாற்றுவது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. அன்று நம்ப வேண்டியது லக்ரேற்று, சிறுநீர், புத்தித் தெளிவு மூன்றையும்.

மூன்றாம் நான்காம் நாளில்தான் சிஆர்பி பேசத் தொடங்கும். நியூமோனியாவில் 4ஆம் நாள் முதல் எண்ணின் பாதிக்காவது இறங்காவிட்டால் எங்கோ பிசகு. புரோகால்சிடோனினுக்கு ஒரு மாதிரிக் கணக்கு: முதல் நாள் 18, இரண்டாம் நாள் 21, பிறகு 10.5, 5.2, 2.6. உச்சம் 21, அதில் 80 வீதம் குறைந்தால் 4.2. ஐந்தாம் நாள் 2.6 அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. நோயாளியும் தேறியிருந்தால் அன்ரிபயோட்டிக்கை நிறுத்துவது பற்றிப் பேசலாம். அரை நனோகிராம் அல்லது அதற்குக் கீழ் வந்தாலும் அதே. எப்போதும் உச்சத்திலிருந்து கணக்கிடுங்கள், முதல் எண்ணிலிருந்து அல்ல. ஒரே ஆய்வுகூடம், ஒரே வகை ரியூப், ஏறக்குறைய ஒரே நேரம். காலை 6 மணிக் குருதியோடு சேர்த்து எடுத்துவிட்டால் சிக்கலில்லை. சிஆர்பியை ஒரே நாளில் மூன்று முறை கேட்பது கிற்றுக்குக் கேடு.

எண் இறங்கவில்லை என்றால் என்ன தேடுவது? இதில்தான் வன்னி கொழும்பிலிருந்து வேறுபடும்.

முதலில் சீழ். எந்த மருந்தும் அடைபட்ட சீழுக்குள் நன்றாகப் போகாது. காலிலுள்ள காயத்தைக் கட்டவிழ்த்துப் பாருங்கள், வயிற்றை ஸ்கான் செய்யுங்கள்.

அடுத்து உண்ணிக்காய்ச்சல். பற்றைக்காட்டுக்குள் விறகுக்கும் மாட்டுக்கும் போனவர், செஃப்ரியாக்ஸோன் மூன்று நாள் ஏறியும் காய்ச்சல் விடவில்லை, புரோகால்சிடோனின் அப்படியே நிற்கிறது. கறுத்த பொருக்குப் புண்ணைத் தேடுங்கள்: கமக்கட்டு, கவட்டுப் பக்கம், காதின் பின்புறம், மார்பின் கீழ், அரைஞாண் கயிற்றின் கீழ். வெட்கத்தால் காட்டாத இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். பெண் தாதியரின் உதவியோடு திரையிட்டுப் பாருங்கள். புண் இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்றாகாது. இதற்கு மருந்து டொக்சிசைக்கிளின்; செஃப்ரியாக்ஸோன் எத்தனை நாள் போட்டாலும் பயனில்லை.

மூன்றாவது மெலியோயிடோசிஸ். இதைக் கேள்விப்படாமலே பலர் இங்கு நியமனம் பெற்று வருகிறார்கள். கிருமி வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலபோக மழையோடு நோயாளர் வருவார்கள். சீனி வருத்தம் உள்ள கமக்காரர் முதல் வரிசை. நியூமோனியாவாக வரலாம், மூட்டுச் சீழாக வரலாம், ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு சிறு கட்டிகளாக வரலாம். புரதக் குறிகளை நம்பி இதை விலக்கவே முடியாது: கல்ச்சரில் உறுதியான நோயாளர் சிலரில் சிஆர்பி சாதாரணமாகவே இருந்ததுண்டு. கட்டி இருப்பவர்களில் எண் பாதி இறங்கி, பிறகு நின்றுவிடும். ஜென்டமைசினுக்கு அடங்காது, செஃப்ரியாக்ஸோன் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள் நாளத்தால் ஏற்ற வேண்டும், கட்டி இருந்தால் இன்னும் கூட.

படிவத்தில் "வயல், சீனி, காய்ச்சல்" என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான். தகவல் இல்லாவிட்டால் ஆய்வுகூடத்தில் இந்தக் கிருமி "சூடோமோனாஸ் இனம், கலப்படமாக இருக்கலாம்" என்று தாளில் போய்விடும். ஒட்சிடேஸ் நேர், கிராம் எதிர்க் கோலுயிரி, ஜென்டமைசினுக்கும் கொலிஸ்ரினுக்கும் எதிர்ப்பு, கோ-அமொக்சிகிளாவுக்கு இணக்கம் என்று மூன்று வில்லைகளும் சேர்ந்து காட்டினால் தட்டை மூடி, பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் கையாண்டு, உறுதிப்படுத்த அனுப்புங்கள். மூக்கருகே வைத்து மணக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடவும்.

மாற்றி அனுப்பும்போது

மல்லாவி, நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு போன்ற இடங்களிலிருந்து நோயாளி கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ போவார். முதல் அன்ரிபயோட்டிக்கை ஏற்றிவிட்டே வண்டியில் ஏற்றுங்கள், கல்ச்சர்ப் போத்தலும் கூடவே போகட்டும். கடிதத்தில் நடுக்கம் தொடங்கிய நேரம், குருதி எடுத்த நேரம், மருந்து ஏறிய நேரம், ஏற்றிய திரவத்தின் அளவு, சிறுநீர் அளவு, ஒவ்வொரு எண்ணும் அதன் அலகோடும் எடுத்த மணியோடும் இருக்க வேண்டும். "சிஆர்பி கூட" என்று எழுதிய கடிதத்தால் மறுமுனையில் இருப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை. அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார், உச்சம் எது என்பது எப்போதும் தெரியாமல் போகும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கடைசிச் சிஆர்பியையும் கிரியாற்றினினையும் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். சிறுநீரக நோயாளி என்றால் கடைசிப் புரோகால்சிடோனினையும் சேருங்கள். அடுத்த காய்ச்சலுக்கு அதுவே அவருடைய அடிப்படை எண். மெலியோயிடோசிஸ் நோயாளருக்குக் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது 3 மாதம். சிஆர்பி 5க்கு வந்துவிட்டது, உடம்பும் தேறிவிட்டது, விதைப்புக்கும் நாளாகிவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் குளிசையை விடுவோரில் நோய் திரும்ப வரும். இங்கே புரோகால்சிடோனினின் 80 வீதக் கணக்குச் செல்லாது என்பதைக் கொப்பியிலேயே எழுதிவிடுங்கள். அந்த மூன்று மாதமும் பொட்டாசியம், கிரியாற்றினின், முழுக் குருதி எண்ணிக்கை ஆகியவற்றுக்கான கிளினிக் நாட்களையும் அன்றே குறித்துக் கொடுங்கள்.